பேனர் இறங்காது

குருசுக்குப்பம், புதுச்சேரி
செப்டம்பர் மாசம், ஞாயித்துக்கிழமைப் பூசை முடிஞ்சு வந்து எழுதுறது

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு மக வெரோனிகாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நான், அப்பா, இனியா மூணு பேரும் மாதா புண்ணியத்துல சுகம். அங்க நீயும் மாப்ள பிரான்சுவாவும் பேரன் ஜெரினும் சுகமா இருக்கணும்னு தினம் ஜெபமாலையில சொல்லிக்கினுதான் இருக்கேன், உன் மேல கோவம் இருந்தாலும் அதுல குறை வைக்கல. போன வாரம் போன்ல நீ பேசுன பேச்சுக்கு அப்பவே பதில் சொல்லியிருப்பேன், நீதான் படக்குனு கட் பண்ணிட்ட. போன்ல பேசுனா ஒண்ணு குறுக்க பேசுற, இல்லன்னா அழுவுற. கடுதாசியில குறுக்க பேச முடியாது பாரு, அதான் வெள்ளத்தாள் வாங்கியாந்து உக்காந்துட்டேன். முழுசா படி, படிச்சு முடிச்சுட்டு அப்புறம் கத்து.

நீ சொன்னது ரெண்டே விஷயம். ஒண்ணு, வீட்டு மேல இருக்குற பேனர உடனே எறக்கணும். ரெண்டு, இனியா டாக்டர் சீட்டுக்கு உக்காந்து காத்துக் கெடக்காம நர்சிங்ல சேரணும். உன் மாமியார் வீட்டு ஆளுங்க வாட்ஸ்அப்புல அந்த போட்டோவப் பாத்துட்டு, டாக்டர் தங்கச்சி எப்ப பிரான்சுக்கு வந்து எங்களுக்கு வைத்தியம் பாக்கப் போறான்னு கேட்டுச் சிரிக்கிறாங்கன்னும், தூலூஸ்ல உனக்குத் தல காட்ட முடியலன்னும் சொன்ன. ஏண்டி, ஏழு கடல் தாண்டி இருக்குற உனக்கே தல காட்ட முடியலன்னா, அந்தப் பேனருக்குக் கீழயே கோலம் போட்டு, அதுக்குக் கீழயே நின்னு தண்ணி புடிக்கிற நான் எந்தத் தலையக் காட்டுறது? எனக்கு இருக்குறது ஒரு தலதான், அத தினம் காட்டிக்கினுதான் இருக்கேன்.

பேனர் எப்படி வந்துச்சுன்னு உனக்கு யாரும் ஒழுங்கா சொல்லியிருக்க மாட்டாங்க. அப்பா பண்ண கூத்துதான். நீட் மார்க்க வச்சு நம்ம ஊர்ப் பிள்ளைங்க பேரெல்லாம் ஒரு லிஸ்ட்டா போட்டாங்க. இனியா பேரு அதுல இருந்துச்சு. அப்பாவுக்குப் போன்ல அதத் தொறந்து காட்டுனா, மனுஷன் மக பேரப் பாத்தாரு, கண்ணு கலங்கிட்டாரு, அப்புறம் அவ சொன்னது எதுவும் காதுல ஏறல. லிஸ்ட்டுல பேரு வந்தா சீட்டு வந்துடுச்சுன்னு முடிவு பண்ணிட்டாரு. என்கிட்ட சொல்லல, அவகிட்ட சொல்லல. கோவிந்தசாமி பேனர் கடைக்குப் போயி, பிள்ளையோட ஆதார் போட்டோவக் குடுத்து அடிச்சுக்கினு வந்துட்டாரு. ரோட்டுல கட்டுனா நகராட்சி எடுத்துடும்னு நம்ம மாடிச் சுவத்துலயே கட்டியாச்சு. நான் அங்கன்வாடியில சமைச்சு முடிச்சுட்டு வரேன், தெருவே நின்னு அண்ணாந்து பாக்குது. எங்கள் குடும்பத்தின் முதல் மருத்துவர்னு இத்தாம் பெரிய எழுத்து. வெள்ளக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் போட்ட யாரோ ஒரு ஆம்பளை ஒடம்புல நம்ம பிள்ளை தலைய ஒட்ட வச்சிருக்கான் அந்தக் கோவிந்தசாமி. கழுத்து ஒரு நெறம், மூஞ்சி ஒரு நெறம். அப்பா ஒரு கூடை லட்டு வாங்கியாந்து தெரு பூராவும் குடுத்துக்கினு இருந்தாரு. இத்தன வருஷம் பஸ்ஸுல கண்டக்டரா இருக்குற மனுஷன், பஸ்ஸுல ஏறுனதெல்லாம் சீட்டு கெடைச்ச ஆளுன்னு எப்படித்தான் நெனச்சாரோ, அந்தோணியாருக்கே வெளிச்சம்.

சீட்டு குடுக்குற முதல் ரவுண்டு வந்துச்சு, இனியாவுக்குச் சீட்டு வரல. கடைசியா சீட்டு கெடைச்ச பிள்ளைக்கும் இவளுக்கும் நடுவுல பதினோரு பேரு. அன்னைலேர்ந்து தெருவுக்குப் பொழுதுபோக்கு நாமதான். எதுத்த வீட்டுக் கன்னியம்மாள் இருக்காளே, காலையில தண்ணிக்கு வரும்போதே டாக்டரம்மா எப்ப ஊசி போடுவாங்கன்னு கேப்பா. மொதல் ஊசி உன் நாக்குலதான்னு நான் சொல்லுவேன், அவளும் சிரிப்பா, நானும் சிரிப்பேன், ஆனா வீட்டுக்குள்ள வந்தா கொடத்த ணங்குனு வைப்பேன். கேஸ் சிலிண்டர் போடுற பையனுக்கு வழி சொல்லும்போதுகூட பேனர் வீட்டுக்குப் பக்கத்துலன்னுதான் சொல்றாங்க. முப்பது வருஷமா கண்டக்டர் வீடா இருந்தது இப்ப பேனர் வீடாயிடுச்சு. அப்பா மறுநாளே ஏணி கொண்டாந்துட்டாரு, எறக்கிடுறேன்னு. நான் ஏணியப் புடிச்சுக்கினு வுடல. கட்டும்போது என்னைக் கேட்டியா, இப்ப எறக்குறதுக்கு என்னைக் கேளுன்னு சொன்னேன். எறக்குனா இன்னா அர்த்தம்? இந்தப் பிள்ளை அவ்ளோதான், ஆசைப்பட்டோம் முடிஞ்சுதுன்னு நம்ம வாயாலயே ஊருக்குச் சொல்ற மாதிரி. அவளே இன்னும் முடிஞ்சுதுன்னு சொல்லல, நாம யாரு சொல்ல?

சீட்டே வராத பிள்ளை இன்னும் எதுக்கு உக்காந்திருக்கான்னு கேட்ட பாரு, அங்கதான் உனக்குப் புரியல. எனக்கும் புரியாமதான் இருந்துச்சு, இனியா வெறுத்துப் போற வரைக்கும் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கினேன். லிஸ்ட்டுல மேலேர்ந்து ஒவ்வொருத்தரா சீட்டு குடுத்துக்கினு வருவாங்க, சீட்டு தீந்த எடத்துல அந்த ரவுண்டு நின்னுடும். ஆனா கதை அங்க முடியல. மேல இருக்குறதுல சில பிள்ளைங்களுக்கு அகில இந்திய கோட்டாவுல வெளியூர்ல பெரிய காலேஜு கெடைக்கும், அது போயிடும். சிலது சீட்ட வாங்கிட்டு சேராது. சிலது தனியார் காலேஜுல சேந்துட்டு, அடுத்த ரவுண்டுல கவர்மெண்டு காலேஜுக்கு மாறிக்கும். அப்படிக் காலியாவுற சீட்டெல்லாம் கீழ நிக்கிறவங்களுக்கு வரும். இப்படி ரெண்டாவது ரவுண்டு, மூணாவது ரவுண்டு, கடைசியா மிச்சம் மீதிக்குன்னு ஒண்ணு. அப்பாவுக்கு நான் பஸ்ஸ வச்சுத்தான் புரிய வச்சேன். புதுச்சேரி ஸ்டாண்டுல ஏறும்போது நின்னுக்கினு போறவனுக்கு வில்லியனூர்ல யாராவது எறங்குனா சீட்டு வருது, இல்லன்னா கண்டமங்கலத்துல வருது, சில நாளு விழுப்புரம் வரைக்கும் வரவே வராது. ஆனா வில்லியனூர்லயே கால் வலிக்குதுன்னு எறங்கிட்டவனுக்கு மட்டும் எந்த ஊர்லயும் வராது. அப்பாவே, ஆமா, அது வாஸ்தவம்தான்னாரு.

இது சும்மா வாய்ப் பேச்சு இல்லடி, கண்ணால பாத்தது. இனியா கூட கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்ச பூர்ணிமா, லிஸ்ட்டுல இவளுக்கு மேல நின்ன பிள்ளை, மொதல் ரவுண்டுல வரலன்னதும் வீட்டுல எல்லாரும் பயமுறுத்தி வேற படிப்புல சேத்துட்டாங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டு பூராவும் அங்க குடுத்தாச்சு, இங்க ரெண்டாவது ரவுண்டுக்கு விருப்பம் பதியவே இல்ல. ரெண்டாவது ரவுண்டு வந்தப்ப அவளுக்கு அடுத்து நின்ன பிள்ளைக்குச் சீட்டு வந்துடுச்சு. நின்னுருந்தா அது பூர்ணிமாவோடது. நம்ம வீட்டுல வந்து உக்காந்து அந்தப் பொண்ணு அழுவுன அழுவ எனக்கு இன்னும் காதுல இருக்கு. இனியாவுக்கு அந்த ரவுண்டுலயும் வரல. ஆனா பதினோரு பேரு நாலு பேரா ஆயிட்டாங்க.

நர்சிங் காலேஜுல அவளுக்கு எடம் வந்தது உண்மைதான். போன வெள்ளிக்கிழமைக்குள்ள சர்டிபிகேட்டெல்லாம் குடுத்துச் சேரணும், இல்லன்னா அந்த எடம் போயிடும்னு சொல்லிட்டாங்க. நீ அதுக்காகத்தான் புதன்கிழமை போன் பண்ணிக் கத்துன. நர்ஸ் வேலைய நான் ஒண்ணும் கேவலமாச் சொல்லல, நீ பொறந்தப்ப என் கையப் புடிச்சுக்கினு இருந்தது ஒரு நர்சம்மாதான், அந்தம்மா பேரச் சொல்லித்தான் உனக்கே பேரு வச்சேன். ஆனா இவ அதுக்கு ஆசைப்படல. ஆசைப்படாத பிள்ளையக் கொண்டு போயித் தள்ளி, ஆசைப்பட்டு நிக்கிற வேற ஒரு பிள்ளையோட எடத்த எதுக்கு அடைக்கணும்? வியாழக்கிழமை அப்பா சொல்லிப் பாத்தாரு, கையில இருக்குற குருவிய வுட்டுடாதம்மான்னு. இனியா சோத்துத் தட்டுலேர்ந்து தலயத் தூக்காம சொன்னா, "அப்பா, எனக்கு வரலன்னா நானே அடுத்த வருஷம் மறுபடி எழுதுவேன். பூர்ணிமா மாதிரி, நின்னிருந்தா வந்திருக்கும்னு ஆயுசு பூராவும் நெனச்சுக்கினு இருக்க என்னால முடியாது." அவ்ளோதான். வெள்ளிக்கிழமை வந்துச்சு, போச்சு, நாங்க யாரும் அந்தப் பக்கம் போகல. ஆமா வெரோனிகா, அந்த எடத்த வுட்டாச்சு. திட்டணும்னா என்னைத் திட்டு, பிள்ளையத் திட்டாத.

எனக்குப் பயமே இல்லன்னு நெனச்சுக்காத. இருக்கு. நடுவுல நிக்கிற நாலு பேருல ஒருத்தரும் நகராமலே போகலாம், சீட்டு வராமலே போகலாம், அந்த நாலு பேரும் என்னை மாதிரி ஒரு அம்மாவுக்குப் பொறந்த பிள்ளைங்கதானே. அவங்களுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்க எனக்கு மனசு வரல. அவங்களுக்கு இன்னும் நல்ல எடமா கெடச்சுப் போகட்டும்னு கோயில்ல மாதா கெபிக் குகையில மெழுகுவத்தி ஏத்தி வச்சேன். அதுல கொஞ்சம் சுயநலம் இருக்குன்னு மாதாவுக்கும் தெரியும்.

இப்ப உன் கதைக்கு வரேன். கல்யாணம் முடிஞ்சு மாப்ள முன்னாடி போயிட்டாரு, உனக்கு பிரெஞ்சு கான்சல் ஆபீசுலேர்ந்து பேப்பர் வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஞாபகம் இருக்கா? தாலியோட அம்மா வீட்டுலயே இருக்காளே, அவன் கூட்டிக்குவானா மாட்டானான்னு இந்தத் தெரு கேக்காத கேள்வியா? நீ கோயிலுக்குக்கூட வர மாட்டன்னு ரூமுக்குள்ளயே கெடந்த. அப்ப நான் ஒருத்தி வாசல்ல நின்னு அத்தன பேருக்கும் பதில் சொன்னேன். எம் பொண்ணுக்குப் பேப்பர் வரும், வந்ததும் போவான்னு சொன்னேன். எனக்கு மட்டும் இன்னா தெரியும் வரும்னு? ஒண்ணும் தெரியாது. அம்மான்னா அப்படித்தான் சொல்லணும், சொன்னேன். வந்துச்சு, போன. இப்ப உன் தங்கச்சிக்கு அதே மாதிரி பதில் சொல்ற எடத்துல நீ இருக்க, நீ இன்னாடான்னா சிரிக்கிறவங்க பக்கம் போயி நின்னுக்கினு பேனர எறக்குன்னு சொல்ற. அதுதான் எனக்குப் பொறுக்கல. சீட்டு வராததுகூட எனக்கு அவ்ளோ வலிக்கல.

இன்னொண்ணு சொல்லணும். அந்தப் பேனர் ஏறுன நாள்லேர்ந்து இனியா வாசல் வழியா போறதே இல்ல. கடக்கரப் பக்கமாப் பின்னாடி சந்துல சுத்திக்கினுதான் கோயிலுக்கும் கடைக்கும் போவா. நான் ஒண்ணும் கேக்கல. முந்தாநேத்து சாயங்காலம் கடல்காத்து பேய்க் காத்தா அடிச்சுது, பேனரோட ஒரு மூல கயிறு அறுந்து படபடன்னு அடிச்சுக்குது. அப்பா வெளிய வந்து பாத்துட்டு, வுடு அகஸ்டினா, தானா கிழிஞ்சு வுழட்டும், நாம எறக்குன மாதிரியும் இருக்காதுன்னாரு. எனக்கும் அந்த ஒரு நிமிஷம் ஓஞ்சு போச்சுடி, சரின்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள உள்ளேர்ந்து இனியா வந்தா, முன்வாசல் வழியாவே வந்தா, ஏணியத் தூக்கியாந்து சுவத்துல சாத்துனா. எறக்கத்தான் போறான்னு நெனச்சேன். எங்கிட்ட கயிறு கேட்டா. வீட்டுல இருந்தது கொடிக் கயிறுதான், மக்கிப் போனது. எதுத்த வீட்டுலேர்ந்து பாத்துக்கினு இருந்த கன்னியம்மாள் உள்ள போயி, அவ வீட்டுக்காரர் வலைக்கு வச்சிருந்த நைலான் கயிறக் கொண்டாந்து, இந்தா, இது சூறைக்காத்துக்கும் அறாதுன்னு குடுத்தா. கிண்டல் பண்ணல. பிள்ளை மேல ஏறி, அந்த ஆம்பளை ஒடம்புக்கும் தன் மூஞ்சிக்கும் பக்கத்துல நின்னுக்கினு, நாலு மூலையும் இழுத்துக் கட்டுனா. அப்பா ஏணியப் புடிச்சுக்கினு நின்னாரு, அவரு மூஞ்சிய என்னால பாக்க முடியல. எறங்கி வந்து கையத் தட்டிக்கினு, "கழுத்துதாம்மா சகிக்கல, மத்தபடி இருக்கட்டும்"னா. இன்னைக்குக் காலையில பூசைக்கு முன்வாசல் வழியாத்தான் எங்களோட வந்தா.

மூணாவது ரவுண்டு அடுத்த வாரம். வந்தா போன் பண்றேன், வரலன்னாலும் போன் பண்றேன், எடுத்துப் பேசு. பேரனுக்குக் குளிர் வர ஆரம்பிச்சிருக்கும், காதுக்குப் பஞ்சு வை, வீட்டுல தமிழ்லயே பேசு, இல்லன்னா அவனுக்கும் எனக்கும் நடுவுல நீ வந்து வந்து அர்த்தம் சொல்லிக்கினு இருக்கணும். மாப்ளைக்குச் சக்கரை பாக்கச் சொன்னேனே, பாத்தாரா? நீ ஒழுங்கா வேளைக்குச் சாப்புடு, கோவத்துல பட்டினி கெடக்குற பழக்கத்த வுடு, அது எங்கிட்டேர்ந்து வந்த பழக்கம், நல்லதில்ல. மாதா உங்க மூணு பேரையும் தன் முந்தானையில வச்சுக் காப்பாத்தட்டும், உன் வீட்டுல சிரிப்புக்குக் குறைவில்லாம இருக்கட்டும்.

மறக்காத. உன் மாமியார் அடுத்த தடவ கேட்டா, தல குனியாத. என் தங்கச்சி வரிசையில நிக்கிறா, இன்னும் எறங்கலன்னு சொல்லு. அப்பவும் சிரிச்சாங்கன்னா, நம்ம வீட்டு விலாசத்தக் குடு, நேரா வந்து என்கிட்டயே சிரிக்கட்டும். தெருப் பேரு, நம்பரு எதுவும் வேணாம், குருசுக்குப்பத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

இப்படிக்கு,
உன் அம்மா,
பேனர் வீட்டு அகஸ்டினா