நாலாம் இடத்தில் அப்பா

கண்ணு,

நான் ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். சாப்பாட்டை நீயே சூடு பண்ணிக் கொடு. அப்பாவை அடுப்புப் பக்கம் விடாதே.

அப்பாவின் டிப்போ நண்பர்கள் நடத்தும் கால்பந்து கணிப்புப் போட்டியில் அவருக்குப் பதிலாக நான் எழுதி அனுப்புவதைப் பார்த்துவிட்டு, "இது பச்சை மோசடிம்மா" என்று நேற்றுக் கத்தினாய். நீயும் அந்தப் போட்டியில் இருக்கிறாய், அதுவும் முதலிடத்தில்; கோபம் வரத்தான் செய்யும். அவர் பக்கத்து அறையில் இருந்ததால் காரணத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் எழுதி வைத்த கணிப்புத் தாளைப் பார்த்தேன். எல்லாமே முந்தின வாரம் முடிந்துபோன ஆட்டங்கள், நம்மோடு உட்கார்ந்து பார்த்தவை. அதிலும் ஒரு ஸ்கோர்கூடச் சரியில்லை.

அன்றிலிருந்து நான்தான் எழுதுகிறேன். குத்துமதிப்பாக எழுதியே ஆறாவதில் இருந்தவர் நாலாவதுக்கு வந்துவிட்டார். "பாத்தியா என் மூளைய" என்று சிரிக்கிறார். கடைசிச் சுற்றான பிளே-ஆஃபில் முதலிடமும் நாலாமிடமும் மோதணுமாம். அதாவது நீயும் நானும். இந்த ஒரு தடவை தோற்றுவிடு, கண்ணு.

நாலு மணிக்கு அவரை டாக்டரிடம் கூட்டிப்போக வருவேன். கண் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

அம்மா

வாசல் சாவி மாவு டப்பாவுக்குள் இருக்கிறது. அவர் கேட்டால் நான் எடுத்துப் போய்விட்டேன் என்று சொல்.

இந்தச் சீட்டை உன் ஷூவுக்குள் செருகியிருக்கிறேன். படித்ததும் கிழித்துப்போடு. படிக்க மட்டும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.