ஒரு நண்டு வளைக்கு ஏழு வருடம்

முப்பத்தெட்டு வருடம் 'ஏனுங்க' என்ற ஒரே சொல்லால் நான் அழைத்துவந்த என்னவருக்கு,

நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் அனுப்பிய ஒரே கடிதத்தில் மூன்று ஒற்றுப்பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு நீங்கள் எனக்குக் கடிதமே எழுதவில்லை. பிழை பிடிக்கப்படுவோமோ என்ற அந்தப் பயம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இந்தக் கடிதத்தில் இருக்கும் பிழை என்னுடையது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மகள் சுமதியின் ஆய்வு முடிந்துவிட்டது. அவளுடைய கல்லூரியில் ஒரு முழு அறையைக் கம்ப்யூட்டருக்கென்று ஒதுக்கி, குளிர்சாதனமும் வைத்திருக்கிறார்களாம். "குளிரு மெஷினுக்குத்தாங்கம்மா, எங்களுக்கு இல்ல" என்று சிரிக்கிறாள். ஓரத்தில் வரிசையாகத் துளை போட்ட நீள நீளத் தாள்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து ஆடி மாதம் முழுக்க இங்கேயே இருந்தாள். ஆய்வேட்டின் ஆங்கிலத்தை நான் பார்த்துத் தர வேண்டும் என்பதற்காக வந்தாள். கான்வென்ட் படிப்புக்கு அறுபது வயதில் ஒரு வேலை வந்ததே என்று எனக்குப் பெருமை. மறைக்க மாட்டேன்.

அவள் என்ன ஆராய்கிறாள் என்று நீங்கள் இருந்தவரை உங்களுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. யாராவது கேட்டால் "கணக்கு படிக்குதுங்க" என்று சொல்லிச் சமாளிப்பீர்கள். இப்போது எனக்கு விளங்கிவிட்டது, கேளுங்கள். அதை ஆட்டம் என்கிறார்கள். நான் என்ன செய்வேன் என்று நீங்கள் யோசிக்கிறீர்கள், நீங்கள் என்ன யோசிப்பீர்கள் என்று நான் யோசிக்கிறேன், இரண்டும் சேர்ந்து இரண்டு பேருக்கும் என்ன விளைகிறது என்பதுதான் ஆட்டம். அதைக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு ஆட்டக்காரர்களை வைத்து ஆயிரக்கணக்கான தடவை ஆடவிட்டுப் பார்க்கிறாள்.

"எதுக்கு அம்மிணி இது?" என்று கேட்டேன்.

"நாளைக்கு மதகைத் தொறக்கறது, ரயிலுக்கு வழி விடறது எல்லாத்தையும் மெஷின் கையில குடுக்கப் போறாங்கம்மா. குடுக்கறதுக்கு முன்னாடி அதுக்கு நியாயம் தெரிய வேண்டாமுங்களா?"

அவளுடைய ஆட்டம் எது என்று நினைக்கிறீர்கள்? நம் முறைத்தண்ணீர்தான். ஒரே வாய்க்கால், இரண்டு வயல். ஜேடர்பாளையத்து அணையிலிருந்து வரும் தண்ணீர் சில நாள் உங்களுக்கு, சில நாள் பக்கத்து வயலுக்கு. தன் முறை முடிந்ததும் மடையை அடைக்கலாம், யாரும் பார்க்காவிட்டால் அடைக்காமலும் இருக்கலாம். இரண்டு பேரும் ஒழுங்காக அடைத்தால் இரண்டு வயலும் பச்சை. ஒருவர் ஏமாற்றினால் அடுத்த முறை மற்றவரும் ஏமாற்றுவார். அந்தத் தண்டனைக்குப் பயந்தே மடைகள் ஒழுங்காக அடைபடுகின்றன என்று முதல் நான்கு அத்தியாயங்களில் நிரூபித்திருக்கிறாள். ஆங்கிலம் சுமார். நாற்பத்தோரு இடத்தில் பென்சில் வைத்தேன்.

ஐந்தாவது அத்தியாயத்தில்தான் என் கை நின்றது.

அதில் அவள் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பொய்க்கண் வைக்கிறாள். எப்போதாவது ஒரு தடவை, அடைத்த மடை திறந்திருப்பதுபோல் அது காட்டிவிடும். தவறு யாரிடமும் இல்லை. ஆனால் பார்த்தவன் தண்டிக்கிறான். காரணமில்லாமல் தண்டிக்கப்பட்டவன் திருப்பித் தண்டிக்கிறான். அதற்குப் பிறகு வரும் தாள்களில் பக்கம் பக்கமாக ஒரே விடைதான். இரண்டு வயலும் காய்ந்து கிடக்கின்றன.

இதற்கு அவள் ஒரு விதி எழுதியிருக்கிறாள். தவறாகப் பார்த்தது தான்தான் என்று தெரிந்தவன் தன்னுடைய அடுத்த முறையை விட்டுத்தர வேண்டும். மற்றவன் அதை எடுத்துக்கொண்டு, அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த விதியைச் சேர்த்ததும் காய்ந்த வயல்கள் பச்சையாகின்றன. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் எழுதினேன்: 'மனிதர்களிடம் நடக்காத காரியம்.'

சுமதி அதைப் படித்தாள்.

"எங்க புரொபசரும் இதையேதான் சொன்னாருங்க. மனுசனே செய்யாத ஒண்ண மெஷின்கிட்ட எப்படி எதிர்பார்ப்பேன்னு கேட்டாரு. நீங்களும் சொல்லிட்டீங்க. அப்ப இந்த அத்தியாயத்த எடுத்தர்றேனுங்கம்மா."

"எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்?"

"தண்டிக்கத் தெரிஞ்ச மெஷினுங்க இருக்கும். அதுக்கும் பட்டம் குடுப்பாங்க."

அடுத்த வாரம் தபாலில் போக வேண்டிய ஆய்வேடு. அந்த அத்தியாயத்தைத் தனியாகப் பிரித்து மேசை ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள். நான் எழுந்து போய்விட்டேன். ஏன் போனேன் என்று உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அது தெரியாது.

அந்த வறட்சி வருடம் உங்கள் சித்தப்பா மகன் நாச்சிமுத்துவோடு சண்டை வந்ததே, அந்தக் காலையில் நீங்கள் உரம் வாங்க நாமக்கல் போயிருந்தீர்கள். நம் முறைத் தண்ணீர் கடை வயலுக்கு எட்டவில்லை. நான் வரப்போடு நடந்து போய்ப் பார்த்தேன். நாச்சிமுத்து வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. அவர் மண்வெட்டியோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நாற்று நட வந்த பெண்கள் அத்தனை பேர் முன்னால், அவர் மனைவி பாவாயி முன்னால், "முறைகெட்ட மனுசன்" என்று சொன்னேன்.

அன்று மாலை நீங்கள் வந்ததும் உங்களிடமும் சொன்னேன். என் கண்ணால் பார்த்தேன் என்றேன். "எம் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா" என்று நீங்கள் அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அதோடு பேச்சு நின்றது. அடுத்த வாரம் அவர் நம் முறையில் மடையை அடைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் நீங்கள் அடைக்கவில்லை. சுமதியின் தாள்களில் இருப்பது போலவே.

சண்டை வந்த பத்தாம் நாள் வரப்பைச் செப்பனிடும்போது நான் அந்த நண்டு வளையைப் பார்த்தேன். மணிக்கட்டு நுழையும் அளவு. நம் வாய்க்காலில் ஆரம்பித்து நேராக அவர் வயலுக்குள் திறந்திருந்தது. அவர் மடையைத் தொடவே இல்லை. நான் களிமண் எடுத்து அதை அடைத்தேன். கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து நீங்கள் போனபோது நாச்சிமுத்து பங்காளி முறைக்கு வந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். என் முகத்தைப் பார்க்காமலே செய்துவிட்டுப் போனார். அப்போதும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் கடைசி மூன்று வருடம் உங்கள் தம்பியோடு பேசியிருப்பீர்கள். இதை எப்படித் திருத்துவது? எந்தப் பென்சிலால்?

அத்தியாயம் கவிழ்ந்து கிடந்த மறுநாள் காலையில் நான் நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். ஏழு வருடத்தில் முதல் தடவை. பாவாயி முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க, இங்க யாரோ கான்வென்ட்டு டீச்சர் வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நான் டீச்சர் வேலை பார்த்ததே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

நாச்சிமுத்து வெளியே வந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் உட்காரவில்லை. அன்றைக்கு மடை அடைத்துத்தான் இருந்தது, தண்ணீர் வந்தது நண்டு வளை வழியாக, அதைப் பத்தாம் நாளே பார்த்தும் நான் மறைத்துவிட்டேன் என்று நின்றபடியே சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னேன். அந்த அளவுக்காவது என்னைப் பாராட்டலாம்.

பாவாயி முறத்தைக் கீழே வைத்தார். "அந்த வளைய எங்க பக்கத்துல இருந்து அன்னிக்கே பாத்துட்டோமுங்க."

"பார்த்துட்டு ஏன் சொல்லலை?"

"நீங்க வந்து கேக்கோணும்னுதான்."

நாச்சிமுத்து குறுக்கிட்டார். "தண்ணி போனது போச்சுங்க அண்ணி. அந்த வார்த்தைதான். பொம்பளையாளுங்க அத்தன பேரு நின்னாங்க. முறைகெட்டவன்னா என்ன அர்த்தமுங்க? பொண்டு புள்ளைகிட்ட உறவுமுறை தப்பினவனைத்தானே இந்த ஊர்ல அப்படிச் சொல்லுவாங்க. நடவுக்கு வந்தவங்க ஒரு மாசம் எங்க வயலுக்கு வரல."

தண்ணீர் முறை கெட்டது என்ற பொருளில்தான் நான் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு பொருள் இருப்பது, ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் சுழித்துவிடுகிற எனக்குத் தெரியவே இல்லை. சேலத்துக் கான்வென்ட்டிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு வந்தவள். ஊரார் முன் அவரை நான் என்னவென்று சொல்லியிருக்கிறேன் என்று ஏழு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

"முறைத் தண்ணியைத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று முதலில் தெரியவில்லை. துண்டை எடுத்தபோது சிரிப்புதான்.

"அதுக்கு 'தண்ணி முறை தப்பிட்டான்'னு சொல்லோணுமுங்க. இத்தனை வருசம் எங்க அண்ணன் எழுதறதுல எல்லாம் தப்புப் பிடிச்சீங்களே."

"இப்ப நீங்க பிடிச்சுட்டீங்க" என்றேன். "இந்த வாரம் எங்க முறையை நீங்க எடுத்துக்குங்க."

அவர் வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். மரியாதைக்காவது மறுப்பார் என்று. "சரிங்க" என்றார். அவ்வளவுதான். பாவாயி ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். நம் முறையை அவர் எடுத்துக்கொண்டார் என்றதும் சுமதி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "எடுத்துக்கிட்டாருங்களா? வேண்டாம்னு சொல்லியிருந்தா அது பாக்கி நின்னிருக்கும்மா. எடுத்துக்கிட்டாத்தான் கணக்கு முடியும்." அந்த வாரம் தண்ணீரில்லாமல் நம் வாழை இலை கொஞ்சம் பழுத்தது. அடுத்த வாரம் நம் முறை நாளன்று விடிந்ததும் போனேன். நாச்சிமுத்து எனக்கு முன்பே வந்து தன் மடையை அடைத்து, வாய்க்காலை நம் பக்கம் திருப்பிவிட்டுப் போயிருந்தார். அவர் கால்தடம் சேற்றில் ஈரமாக இருந்தது.

ஐந்தாவது அத்தியாயம் ஆய்வேட்டிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு நான் ஒரு புதிய ஆட்சேபம் எழுப்பினேன். முறையை விட்டுக்கொடுத்தால் மட்டும் போதாது. நான் வாய் திறக்காமல் தண்ணீரை விட்டிருந்தால் திமிர் என்று நினைத்திருப்பார்கள். சொல்ல வேண்டும். சுமதியின் ஆட்டக்காரர்களுக்குத் திறக்கவும் அடைக்கவும் மட்டும்தான் தெரியும், பேசத் தெரியாது.

"அதுங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை குடுத்துப் பாக்கறேனுங்கம்மா" என்றாள். ஆய்வேட்டைத் தபாலில் சேர்த்த அன்றே அடுத்த ஆராய்ச்சியை ஆரம்பித்துவிட்டாள். ஒரு இயந்திரத்துக்கு வெட்கம் வருமா? வராவிட்டாலும் தவறைச் சொல்லப் பழகுமா? நாம் சொல்வது ஒன்று, மற்றவர் காதில் விழுவது இன்னொன்று என்பதை அது எப்படிக் கற்றுக்கொள்ளும்? எனக்கே கற்றுக்கொள்ள இத்தனை வருடம் ஆனது. ஆனாலும் கற்றுக்கொண்டேன் அல்லவா? அதனால்தான் அந்த இயந்திரங்கள்மேல் எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

உங்களிடமிருந்து ஒரு தம்பியை நான் எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பித் தர இனி ஒரு முறை வராது. அதற்காக ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற உங்கள் திதிக்கு நாச்சிமுத்துவையும் பாவாயியையும் நானே போய் அழைப்பேன். இலை போட்டு, நானே பரிமாறி, அன்றைக்கு வந்திருக்கும் உறவுகள் எல்லோருக்கும் கேட்கும்படி நண்டு வளையைச் சொல்வேன். எத்தனை பேர் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னேனோ, அத்தனை பேருக்குக் குறையாமல் கேட்பார்கள்.

இப்படிக்கு,
நாச்சிமுத்துவுக்கு மறுபடியும் அண்ணி முறையான,
உங்கள் மனைவி