பெரியவன் பங்கு

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே எங்கள் இருவருக்கும் எப்போதும் அதே நினைப்புதான். எங்கள் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுப் பதறாதே. சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. மாடி வீட்டுக்காரர் இன்னும் காலையில் எதையோ உருட்டுகிறார், அது என்னவென்று தெரியாமல் உன் அம்மாவுக்குத் தலை வெடிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கையில் கொஞ்ச நாளாக அங்கங்கே நீலமாகக் கன்றிப்போயிருந்தது. கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். ஒரு மனுஷி எத்தனை கதவில்தான் இடித்துக்கொள்வாள்? போன வாரம் பல் தேய்க்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை, டாக்டரிடம் அழைத்துக்கொண்டு ஓடினேன். ரத்தம் உறையாமலிருக்கத் தான் கொடுக்கும் மாத்திரையோடு வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் துருவித் துருவிக் கேட்டார். மகள் அனுப்பிய பூண்டு மாத்திரையும் மீன் எண்ணெய் மாத்திரையும்தான், இதயத்துக்கு நல்லதாமே என்றேன். எவ்வளவு என்றதற்கு இவள் தலையைக் குனிந்துகொண்டு, என் பங்கும் பெரியவன் பங்கும் என்றாள்.

அண்ணனுக்கென்று நீ தனியாக அனுப்பிய டப்பாக்களை அவன் இருந்தவரை பிரிக்கவே இல்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் பூண்டு ஏப்பம் விட்டால் அந்தக் கூண்டுக்குள் கூட நிற்கிறவன் கதி என்ன என்று கேலி பேசினான், அந்த வேலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தும் போனான். அதற்குப் பிறகு இவள் பிரித்திருக்கிறாள். தினமும் காலையில் அவன் தட்டில் இரண்டு மாத்திரையும் வைத்துவிட்டு, அவன் அறை வாசலில் நின்று, எழுந்து வந்து முழுங்குடா என்று கூப்பிடுகிறாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே விழுங்கிவிடுகிறாள். நான் குளிக்கும்போது அந்தக் குரல் காதில் விழுந்திருக்கிறது, பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன். அப்பவே நான் வற்புறுத்திக் குடுத்திருந்தா புள்ள இருந்திருப்பான்ல என்று வண்டியில் வரும்போது கேட்டாள். அதெல்லாம் அவனைக் காப்பாற்றியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று, வீட்டுக்கு வந்து நான் போனில் கேட்டபோது டாக்டர் அடித்துச் சொன்னார். நீயும் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. ஆனால் இவளுக்கு இனி அதில் ஒன்றுகூட ஆகாதாம்.

டப்பாக்களைப் பூட்டி வைத்தேன். தன் பங்கைப் பேசாமல் விட்டுவிட்டாள். இன்று காலை அவன் தட்டில் மட்டும் மறுபடி இரண்டு கிடந்தன, எங்கே ஒளித்து வைத்திருக்கிறாளோ. அவள் வாசலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் முந்திக்கொண்டு எடுத்து விழுங்கிவிட்டேன். திரும்பி வந்து வெறும் தட்டைப் பார்த்தவள் முகம் அப்படி மலர்ந்தது, சாப்ட்டுட்டானா என்று கேட்டாள். ஆமாம்மா, சாப்ட்டுட்டான் என்றேன். சொன்ன கையோடு அவன் அறையில் கட்டில் முனகுகிறதா என்று நானும் காது கொடுத்தேன். பயமாக இருக்கிறதம்மா.

இனி அந்த மாத்திரைகளை அனுப்பாதே. நம் குடும்பத்து நெஞ்சு உனக்கும் இருக்கிறது, தள்ளிப்போடாமல் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் போன் செய். அண்ணன் இல்லை என்று அம்மாவிடம் சொல். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, எனக்கும் ஒரு முறை சொல்.

உன்
அப்பா