ஆவடி வீட்டின் வெப்பக் கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

கிருபாகரன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா?

தமிழ்நாடு அரசும் இந்த ஜெர்மன் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் வெப்ப ஆய்வின் கூட்டம் நேற்று இங்கே நடந்தது. நம் படுக்கையறையில் நான் மாட்டிவிட்டு வந்த, சூட்டை அளந்து இங்கே அனுப்பும் கருவியின் கோட்டைத் திரையில் காட்டினார்கள். ராத்திரியிலும் இறங்காத சூடு. அருமையான தரவு என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெளியே வந்ததும் எதிர்வீட்டு நாகம்மா அக்கா போன் செய்தார். "இன்னா தம்பி, உங்கப்பா ஏசிய வாங்கி வச்சிகினு போடவே மாட்டேங்கிறாரு. புள்ளயோட ஆராய்ச்சி கெட்டுடுமாம். அம்மா மயங்கி வுய்ந்து ஆஸ்பத்திரில கீறாங்க. உனக்குச் சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

உடனே உங்களை அழைத்தேன். "அம்மா தூங்கறாப்பா" என்று வைத்துவிட்டீர்கள்.

வழக்கம்போல இருங்கள் என்றுதானே சொல்லிவிட்டு வந்தேன்? ஏசி போடக்கூடாது என்று யார் சொன்னது? ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றும், எழுத்தில் உத்தரவு வராமல் நீங்கள் எதையும் தொடமாட்டீர்கள். அதனால் ஏசி போடலாம் என்று எங்கள் பேராசிரியரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு வந்துவிட்டுச் சென்னை திரும்பும் நம் அரசு அதிகாரி கொண்டுவந்து தருவார்.

கருவியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். காலையில் கண் விழித்ததும் நம் அறையின் கோட்டைத்தான் பார்க்கிறேன். இங்கே பேசுவதற்கு வேறு யாரும் இல்லை.

அதிகாரியின் கார் வந்துவிட்டது. அம்மா தூங்குகிறாள் என்றீர்கள். ஏசி ஓடி, நம் அறையின் கோடு இறங்கும் நாளில் நம்புகிறேன்.

கிருபா