இரண்டாம் தடவை கூப்பிடும் முன்

ஜூன் 4

நாளை அப்பா மறுபடி டீக்கடைக்குப் போகிறார். பைக்கிலிருந்து விழுந்து மண்டை உடைந்தபின் முதல் நாள். "நியுன் கலக்கினாத்தான் டீ டீயா இருக்கு" என்று அப்பா பேரைச் சொல்லி முதலாளி ஊ டின் மாங் சொல்லியனுப்பினாராம். அம்மா சிரித்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று என் கையிலிருந்து தட்டு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அப்பா தலையைச் சுவரில் மோதிக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லிடாத, புள்ள." சொல்லவில்லை. கொசுவலைக்குள் இதை மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 5

டீ நன்றாக இருந்ததாம். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஜூன் 8

பள்ளி விட்டுக் கடை வழியாக வந்தேன். எல்லா மேசையிலிருந்தும் உதட்டைக் குவித்து 'ம்ச்சு, ம்ச்சு' என்று முத்தச் சத்தம் கொடுத்து, டீ கொண்டுவரும் பையன்களைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அடுப்படியில் அப்பாவின் தோள் துள்ளியது.

ராத்திரி வீட்டில் அப்பா சொன்னார்: "ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. ஒரு தடவைன்னா தாங்கிடறேன். ஒரே ஆளு திரும்பத் திரும்பக் கூப்பிட்டா..."

"இருபது வருஷமா கேட்ட சத்தம், இப்ப புதுசா குத்துதாக்கும்!" என்றாள் அம்மா.

தையல் போட்ட இடத்தில் முடி வளர்ந்துவிட்டது. அதுதான் தப்பு. வளராமல் இருந்தால் நம்புவார்கள்.

ஜூன் 9

காதில் வைக்கப் பஞ்சு உருட்டிக் கொடுத்தேன். பையன்கள் கத்திச் சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை. ஸ்ட்ராங்காகக் கேட்டவருக்குப் பால் தூக்கல். "மண்டையோட சேத்து காதும் உடைஞ்சுதா, நியுன்?" என்று சிரித்தார்களாம். பஞ்சை எடுத்துவிட்டார்.

ஜூன் 12

நடந்துவிட்டது.

ஜூன் 13

ஒரு ஆள் விடாமல் கூப்பிட்டிருக்கிறான். பையன் வரவில்லை. அப்பா கொதிக்கும் பாலைக் கரண்டியோடு வீசிவிட்டார். கூப்பிட்டவன் கை வெந்துபோனது.

ஊ டின் மாங் வீட்டுக்கு வந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு உட்கார்ந்தார். "போலீஸுக்குப் போகாம நான்தான் பேசி நிறுத்தினேன், தங்கச்சி. பைத்தியத்த அடுப்புப் பக்கம் விட முடியுமா? பின்னால கப்பு கழுவட்டும். அந்தச் சம்பளம் வீட்டுக்குப் பத்தாதுதான்..." என்னைப் பார்த்தார். "பொண்ணுதான் வளந்துட்டாளே."

வேண்டாம் என்று அம்மா சொல்வாள் எனக் காத்திருந்தேன். அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 14

பைத்தியம் இல்ல. பைத்தியம் இல்ல. சத்தமா சொல்லணும்போல இருக்கு. யாருகிட்ட?

ஜூன் 20

என் பள்ளிச் சீருடைப் பச்சை லுங்கியை அம்மா துவைத்து, மடித்து, பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

ஜூன் 23

கடை வேலையில் எனக்கு முதல் நாள். ஜன்னலோர மேசையிலிருந்து 'ம்ச்சு'. வேறு யாரையோ என்று நின்றேன். "ஏ பொண்ணு, உன்னத்தான்!" மறுபடி 'ம்ச்சு'. பின்கட்டில் அப்பா கப்புக் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. ஓடினேன்.

ஜூலை 2

உதடு குவிவதைப் பார்த்ததுமே இப்போது ஓடிப் போய் நின்றுவிடுகிறேன். சத்தமே வருவதில்லை.

"என்ன சுறுசுறுப்பு பாத்தீங்களா!" என்று ஊ டின் மாங் எல்லோரிடமும் சொல்கிறார்.