திருகாணி கிடைக்கும்வரை பறக்காது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பயப்படாதே, சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பாய், எனக்கு இதை முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தொழிற்சாலைப் போர் விமானம் உனக்குத் தெரியும், சின்னது, எடை குறைவு, ஒலியை முந்திப் பறக்கும், பெரிய விமானம் வாங்க வசதியில்லாத நாடுகளுக்கு விற்கவென்றே கட்டுப்படியான விலையில் செய்தது. எட்டு வருஷமாக ஒரு நாடும் வாங்கவில்லை, இந்த முறையும் விற்காவிட்டால் அதைச் செய்யும் கூடத்தைப் பூட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். உன்னிடம் மறைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. போன செவ்வாய்க்கிழமை ஒரு நாட்டிலிருந்து ஆறு பேர் பார்க்க வந்தார்கள். தலைமை ஓர் அம்மாள், விமானப்படை அதிகாரி, தலை முழுக்க நரை, நடை மட்டும் இருபது வயசு. எங்கள் தலைமைப் பொறியாளர் திரையில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளர் மூலமாக, "பறக்கிறத எல்லாரும்தான் காட்டுறாங்க, கெட்டுப்போனா எப்படிச் சரிபண்றீங்கன்னு காட்டுங்க" என்றார். எரிபொருள் பம்ப்பைக் கழற்றி மாட்ட வேண்டுமாம். எது கேட்டாலும் செய்துகாட்ட நாலு வாட்டசாட்டமான ஆட்களைப் புது உடுப்பில் நிறுத்தியிருந்தார்கள், அவர் அவர்களைத் தாண்டி, பின்னால் மற்ற மெக்கானிக்குகள் நடுவே டீக் கோப்பையோடு நின்ற என்னைக் கை காட்டினார்!

சில விமானங்களில் அந்தப் பம்ப்பைத் தொட இன்ஜினையே இறக்க வேண்டும், நம்முடையதில் ஒரு மூடி, எட்டுத் திருகாணி, அவ்வளவுதான். பதினெட்டே நிமிஷம், கடிகாரம் பிடித்தவர் வாயைப் பிளந்தார். மூடியைப் போடப் போனால் திருகாணி ஏழுதான் இருக்கிறது. தலைமைப் பொறியாளர் காதோரம் வந்து, "வேற ஒண்ணு போட்டு மூடுங்கம்மா, மானம் போகுது" என்றார். "உள்ள விழுந்து கிடந்தா ஓட்டுறவரோட உசிரு போகும் சார், அது கிடைக்கிற வரைக்கும் இது பறக்காது" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அதையும் அந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாமல் சொல்லித் தொலைத்தார். அப்புறம் என்ன, கூடமே தரையில் தவழ்ந்தது, இயக்குநர் கோட்டோடு சக்கரத்துக்கு அடியில் படுத்துவிட்டார். ஒரு மணி நேரம் தேடிய பிறகு, அந்த அதிகாரி அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார், மடித்துவிட்டிருந்த என் சட்டைக் கைக்குள் இரண்டு விரலை விட்டார், எடுத்தார், திருகாணி! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவரோ கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

மறுநாள் காலை அதே விமானம் கடலுக்கு மேல் ஒலியைத் தாண்டியது. டமார் என்ற சத்தம் கேட்டதும் அப்பா பாதிச் சவரத்தில், சோப்பு முகத்தோடு தெருவுக்கு ஓடி, "எங்க வீட்டம்மா மாட்டின பம்ப்பு!" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கத்தினாராம். பகல் சாப்பாட்டுக்குள் கையெழுத்தாகிவிட்டது, இருபத்து நாலு விமானம்! அதற்கு அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார், "அந்த அம்மா ஆறு மாசம் எங்க நாட்டுக்கு வந்து எங்க மெக்கானிக்குகளுக்குச் சொல்லித்தரணும்." அப்பா மட்டும் ராத்திரிச் சாப்பாட்டில், "சண்டைக்குத்தானே அது?" என்று கேட்டார். எனக்கும் அது உறுத்தாமல் இல்லை. அந்த இருபத்து நாலும் ஆயுசுக்கும் பயிற்சிக்கு மட்டும் பறந்து, பளபளவென்று கொட்டகையில் நிற்கட்டும் என்றேன்.

இப்போது கேள், அவர்களுடைய விமானத்தளத்திலிருந்து உன் ஊருக்கு ரயிலில் மூன்றே மணி நேரம்! அப்பா வரைபடத்தில் மூன்று தடவை பார்த்துவிட்டார். நாலு வருஷமாகப் போன் திரையிலேயே பார்த்த முகத்தை இனி வாரா வாரம் கையால் தொட்டுப் பார்ப்பேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி நானும் அப்பாவும் கிளம்புகிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து இருங்கள்.

கடிதத்துக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்
உன் அம்மா