ஐம்பது மணி நேரம் ஓட விடு

இன்று காலை ஒரு டீச்சர் கடைக்கு வந்து ஹெட்போன் கேட்டார். புதுப் பெட்டியைப் பிரித்தேன். ரப்பரும் பஞ்சும் கலந்த அந்தப் புது வாசம் மேசை முழுக்கப் பரவியது. டீச்சர் அதை மாட்டிப் பார்த்துவிட்டு, "புதுசுல கொஞ்சம் மந்தமாத்தான் இருக்குமாமே? கொஞ்ச நாள் ஓடுனாத்தான் சத்தம் தொறக்குமாமே, அப்படிங்களா?" என்றார்.

"இல்லங்க டீச்சர். இன்னைக்கு எப்படிக் கேக்குதோ அப்படித்தான் என்னைக்கும் கேக்கும். புடிக்கலைன்னா இப்பவே வச்சுட்டுப் போங்க" என்றேன்.

வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வியாபாரம் செய்யத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். தெரியும். எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதற்கு நீ ஒருத்தி போதும்.

நீயும் நானும் லிந்துலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள். நடுவில் ஒரு சுவர்தான். உன் அம்மா இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். எங்கள் வீட்டுச் சண்டையில் யார் முதலில் கை ஓங்கினார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒன்றாக மலை இறங்கிப் பள்ளிக்கூடம் போனோம். பிறகு எனக்குக் கல்யாணமாகி, தலவாக்கலை டவுனில் இந்தப் போன் சாமான் கடை வந்தது. நீ லயத்திலேயே இருந்தாய். "எது வேணாலும் பண்றேன்டி, கொழுந்துக்கு மட்டும் போகமாட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே முப்பது வயதைத் தாண்டினாய். ட்யூஷன் எடுத்தாய், ஒரு மருந்துக் கடையில் நின்றாய். சிங்களம் உனக்குச் சிங்களவர்களைப் போலவே வரும். தபால் கந்தோருக்குப் போக வேண்டுமென்றால் லயத்தில் பாதிப் பேர் உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அந்தச் சிங்களம்தான் கடைசியில் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. கொழும்பில் ஏதோ ஒரு கம்பெனி. வாடிக்கையாளர்கள் எடுக்கும் அழைப்புகளுக்கு வீட்டிலிருந்தே தமிழிலும் சிங்களத்திலும் பதில் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம். நீ ஓடி வந்து என் கண்ணாடி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாய்.

"இருக்கறதுலயே நல்ல ஹெட்போனா ஒண்ணு குடுடி. இனிமே இதுதான் எனக்குச் சோறு போடப் போவுது."

நான் கொடுத்தது இருப்பதிலேயே நல்லது இல்லை. பழுதும் இல்லை. யாரும் வாங்காமல் நெடுநாளாக மேல் தட்டில் கிடந்தது. அதைத் துடைத்து உன் கையில் கொடுத்தேன்.

நான்காம் நாள் திரும்பி வந்தாய்.

"வலது பக்கம் மந்தமா இருக்குடி. துணியப் போட்டு மூடுன மாதிரி. உள்ளுக்குள்ள கொய்ங்னு ஒரு சத்தம் வேற. இத மாத்திக் குடுக்கறியா?"

வாங்கிய ஏழு நாளைக்குள் வந்தால் மாற்றித் தருவதாகச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். ஆனால் கொழும்பிலிருந்து சாமான் கொண்டுவரும் ஏஜெண்ட் எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தான். "புது ஹெட்போன் அம்பது மணி நேரம் ஓடுனாத்தான் சரியாக் கேக்கும்னு சொல்லுங்க அக்கா. உள்ள இருக்கற தகடு இளகணும்னு சொல்லுங்க. அதுக்குள்ள ஏழு நாள் போயிரும். இல்லாட்டி அந்தச் சத்தம் காதுக்குப் பழகிரும். ரெண்டுல எதுவா இருந்தாலும் நமக்கு நல்லதுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

உன்னிடமும் அதையே சொன்னேன். "புதுசுல அப்படித்தான்டி இருக்கும். அம்பது மணி நேரம் ஓட விடு. தானாத் தொறக்கும்."

நீ உடனே நம்பினாய். "அப்ப நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டாய்.

வீட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கோடு போட்டாயாம். வேலை நேரம் போக மீதி நேரத்திலும் பாட்டு ஓடவிட்டு மாட்டிக்கொண்டே இருந்தாயாம். பத்தாவது நாள் மறுபடியும் வந்தாய். "அம்பதும் ஆயிருச்சுடி. இன்னும் தொறக்கல. கூப்புடறவங்க பேரு சரியா விளங்க மாட்டேங்குது. நேத்து ஒரு ஐயாவ அம்மான்னு கூப்பிட்டுட்டேன்."

ஏழு நாள் முடிந்திருந்தது. இனி நான் எதையும் மாற்றித் தர வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒரு நட்டமும் வந்திருக்காது. ஆனாலும், "சில மொடலுக்கு நூறு மணி நேரம் ஆகும்" என்றேன். இந்த இரண்டாவது பொய்யில் எனக்கு லாபம்கூட இல்லை. முதல் பொய்யைப் பொய்யென்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான். நீ தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாய்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் போன் எடுத்தாய். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அவசரத்துல எடது வலது மாத்தி மாட்டிட்டேன்டி."

"சரி, அதுக்கு என்ன?"

"மந்தமான பக்கம் இப்ப எடது காதுலதானே இருக்கணும்? எடது நல்லாக் கேக்குது. அப்பவும் வலதுலதான் ஒண்ணும் கேக்கல. ஹெட்போன்ல ஒண்ணும் இல்லடி. என் காதுதான்."

ஒரே நிமிட வேலை. முதல் நாளே மேசையில் வைத்து, "திருப்பி மாட்டிப் பாரு" என்று நான் சொல்லியிருக்கலாம். போன் சாமான் விற்கிற எவருக்கும் தெரிந்த சோதனை அது. நீ சாதாரணமாகப் போனை இடது காதில்தான் வைப்பாய், எழுதுவதற்கு வலது கை வேண்டுமே. அதனால் உனக்கும் வேறு வழியில் தெரிந்திருக்காது.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை என்ன என்று உனக்கு நினைவிருக்கும். "பாத்தியா, ஹெட்போன்ல பழுதில்லன்னு நான் சொன்னேன்ல?"

மறுநாளே நீயும் உன் அம்மாவும் கண்டிக்குப் போய்க் காது டொக்டரைப் பார்த்தீர்கள். திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டிறங்கி நீ மட்டும் கடைக்குள் வந்தாய். உன் அம்மா வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மழையில் குடையோடு நின்றார்.

"சில பேருக்கு இப்படித் திடீர்னு காது போயிருமாம்டி. ஏன்னு அவங்களுக்கே சரியாத் தெரியாதாம். ஆரம்பத்துல, மொத வாரத்துலயே வந்திருந்தா மருந்து குடுத்துத் திருப்பப் பாத்திருக்கலாமாம். இப்ப நாளாயிருச்சாம். மாத்திரை குடுத்திருக்காங்க. பெருசா எதிர்பாக்க வேணாம்னுட்டாங்க."

நான் அவசரமாக, "எனக்கு எப்படிடி தெரியும்? கொழும்புல சொன்னதத்தானே நானும் ஒனக்குச் சொன்னேன். நானும் அது நெசம்னுதான் நம்பினேன்" என்றேன்.

நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, "சரிடி. அம்மா நனையறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

மாத்திரை முடிந்தது, காது வரவில்லை. மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கம்பெனியில் உன்னை நிறுத்தினார்கள். பெயர்களைத் தப்பாகப் பதிகிறாய் என்று முறைப்பாடு. உன்னோடு பேசிய மேலாளர் ஒருத்தி, "காது தேவைப்படாத வேல உங்க பக்கத்துல நெறைய இருக்குமே, கொழுந்து பறிக்கறது மாதிரி" என்றாளாம். அதை நீ என்னிடம் அவளைப் போலவே குரலை மாற்றிச் சொல்லிக் காட்டினாய். சொல்லி முடித்ததும் உன் உதடு கோணிக்கொண்டது.

அடுத்த மாதம் நீ கொழுந்துக்குப் போனாய்.

மலையில் உனக்கு 'ஒத்தக் காது' என்று பெயர் வைத்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மேலேயிருந்து கத்தினால் நீ கீழே பார்ப்பாயாம். அவர் வேண்டுமென்றே இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டு, நீ சுற்றிச் சுற்றிப் பார்ப்பதை மற்றவர்களுக்குக் காட்டுவாராம். சிரித்தவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நானும் சிரித்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை நீ கடை வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து உன் பெயரைக் கூப்பிட்டேன். நீ திரும்பி ரோட்டைப் பார்த்தாய். ஓட்டோக்காரர் ஒருவரைப் பார்த்து, "என்னங்க?" என்றாய். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கண்ணாடியைத் தட்டி, "இங்கடி, இங்க!" என்று அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். நீயும் சிரித்துக்கொண்டே வந்தாய். உன் விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தது. அதை நான் பார்க்கக் கூடாதென்று கையை இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள் மறைத்துக்கொண்டாய்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. சனிக்கிழமை தவறாமல் வந்தாய். என் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வந்தாய். என் மாமியாரைப் பற்றி நான் சொன்ன குறைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டாய். காதைப் பற்றி நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

இந்த வருட மழையில் உங்கள் லயத்துக்கு மேலிருந்த மேடு சரிந்தது. மூன்று நாள் விடாத மழை. விடிந்து கொஞ்ச நேரத்தில், மண் வெடிக்கிறதென்று யாரோ கத்த, எல்லோரும் கோயில் பக்கம் ஓடியிருக்கிறார்கள். நீ உன் அம்மாவை முதலில் அனுப்பிவிட்டு, கடைசிக் காம்பராவில் நடக்க முடியாமல் கிடந்த ஒரு தாத்தாவை இன்னொருவரோடு சேர்ந்து தூக்கிக் கொடுத்திருக்கிறாய். கடைசியாக நீதான் வெளியே வந்தாய். பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லையாம்.

"நாங்க எல்லாரும் கோயில்லேருந்து கத்துறோம். இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வான்னு கத்துறோம்" என்று உன் அம்மா சொன்னார். "அவளுக்குக் கேட்டுச்சு. 'வாரேன், வாரேன்'னு பதில் சொன்னா. சொல்லிக்கிட்டே அந்தப் பக்கம் ஓடுனா புள்ள. மண்ணு வந்த பக்கம்."

ஒரு காதால் சத்தம் கேட்கும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைச் சொல்ல இரண்டு காதும் வேண்டும். இதை நான் உன்னைப் புதைத்த பிறகுதான் தேடிப் படித்தேன். உன்னை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

வீடிழந்தவர்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். பதினாறாம் நாள் கழிந்து நான் அங்கே போனேன். உன் அம்மா ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து யாரோ கொடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வெறுமனே சொல்லிவிட்டேன்.

"பெரியம்மா, அந்த அம்பது மணி நேரக் கத பொய். பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் புள்ள."

எனக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கு டொக்டர் கேட்டாரு, ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்கன்னு. இவ ஹெட்போன் கதயச் சொன்னா. அவரு தலயில அடிச்சுக்கிட்டாரு. சாமானத் திருப்பி எடுக்காம இருக்கக் கடக்காரங்க சொல்றதும்மா அதுன்னாரு. பஸ்ஸுல வரும்போது நான்தான் கத்துனேன். கடையில எறங்கி நாலு பேரு முன்னால அவளக் கேக்கறேன்னேன். இவதான் என்னய வெளியவே நிக்கச் சொல்லிட்டு உள்ள வந்தா."

"உள்ள வந்து எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே பெரியம்மா."

"கேக்கல. நீயாச் சொல்லுவன்னு பாத்தாளாம். நீ வேற என்னமோ சொன்னியாம். அதுக்கப்பறமும் அவ விடல. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கேப்பேன், சொன்னாளாடின்னு. 'இன்னும் இல்லம்மா, சொல்லுவா. அவ கெட்டவ இல்ல, பயந்தவ'ம்பா."

நான் அழ ஆரம்பித்தேன். உன் அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. மடித்த துணியை மற்றத் துணிகளின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப வந்து எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் கேக்கவே இல்லையே."

எழுந்து வந்துவிட்டேன்.

நீ அந்த ஐம்பது மணி நேரத்தை நம்பியதை நான் ஒரு மாதிரியாகச் சுமந்துவிடுவேன். விற்கிறவர்கள் சொல்வதை வாங்குகிறவர்கள் நம்பத்தான் செய்கிறார்கள். என்னால் முடியாதது அடுத்தது. எல்லாம் தெரிந்த பிறகும், நூறு சனிக்கிழமைக்கு மேல் மலை இறங்கி வந்து என் முன்னால் நின்றாயே. ஒரே ஒரு வாக்கியத்துக்காக. நான் உன்னிடம் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.